கெஸ்டுக்குள் புது விசிபியூ ஏறவில்லை: க்யூஎமு கோளாறா, கர்னல் கோளாறா?

ஊடுபாவு:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான க்யூஎமு-கேவிஎம் மேல் எங்களுக்குப் பதினெட்டு கெஸ்ட்கள் (அந்த மெய்நிகர் கணினிகள்) ஓடுகின்றன. அதில் ஒன்று சம்பளக் கணக்குப் போடுகிற கெஸ்ட். மாதம் முழுக்க அதற்கு 2 விசிபியூ (மெய்நிகர் ப்ராசஸர்) போதும். 28-ஆம் தேதி ராத்திரி மட்டும் 8 வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே 2 விசிபியூ, அதிகபட்சம் 8 என்று வரையறுத்து வைத்திருக்கிறோம். 28-ஆம் தேதி சாயங்காலம் கெஸ்டை நிறுத்தாமலே 'வர்ஷ் செட்விசிபியூஸ்' கட்டளையில் 8 என்று கொடுத்து, '--லைவ்' சேர்த்து ஓட்டுவோம். மறுநாள் காலையில் குறைத்துவிடுவோம். இரண்டு வருடமாக ஒரு நாள்கூட இது பிசகியதில்லை.

அடுத்து வரப்போகிற லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வெளியீட்டுக்கு முன்பே ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. இந்த மார்ச் (2023) கடைசி வாரத்தில் சம்பளக் கெஸ்டின் நகல் ஒன்றில் ஆர்சி கர்னலை (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பை) போட்டேன். அதே வாரம் சோதனை ஹோஸ்டில் (கெஸ்ட்களைத் தாங்கும் நிஜக் கணினியில்) க்யூஎமுவையும், அதை நிர்வகிக்கும் லிப்வர்டையும் புதுப்பித்திருந்தேன். இரண்டையும் ஒன்றாக மாற்றியது என் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது நடப்பது இது. 8 என்று கட்டளை கொடுத்தால் பிழை எதுவும் இல்லை, வெற்றி என்றே வருகிறது. ஹோஸ்டில் 'வர்ஷ் விசிபியூகவுண்ட்' பார்த்தால் நடப்பு எண்ணிக்கை 8. கெஸ்டுக்குள் போய் 'எல்எஸ்சிபியூ' பார்த்தால் 2. கெஸ்டை மறுபடி துவக்கினால் 8-ம் வந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்த்தால் மட்டும் வருவதில்லை.

க்யூஎமுவின் புதிய பதிப்பில்தான் ஏதோ உடைந்திருக்கிறது என்று நினைத்து அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பினேன். அப்படியும் அதேதான். வேறு யாருக்காவது இப்படி ஆயிற்றா? எங்கே தேடுவது என்றாவது சொல்லுங்கள். இந்தக் கர்னல் வெளியாகி நிஜ கெஸ்டுக்குப் போகும்வரை காத்திருந்தால் 28-ஆம் தேதி ராத்திரி 1,400 பேர் சம்பளம் என் கையில் நிற்கும்.

---

வடக்குத்தெரு:

இது பெரும்பாலும் யூடெவ் (புதிய சாதனம் வந்ததும் விதிப்படி வேலை செய்யும் லினக்ஸ் சேவை) விதி இல்லாத பிரச்சினை. புது சிபியூ கெஸ்டுக்குள் வரும்போது ஆஃப்லைனாகத்தான் வரும். யாராவது ஆன்லைன் ஆக்கினால்தான் 'எல்எஸ்சிபியூ' அதை ஆன்லைன் பட்டியலில் காட்டும். '/சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியூ/சிபியூ2/ஆன்லைன்' கோப்பில் 1 என்று எழுதிப் பாருங்கள். வேலை செய்தால், சிபியூ சேர்ந்தவுடன் அதையே தானாகச் செய்கிற மாதிரி யூடெவ்வில் ஒரு வரி போட்டுவிடலாம். எனக்கு இரண்டு தடவை இதுதான் நடந்தது.

---

ஊடுபாவு:

நன்றி. உடனே பார்த்தேன். எழுதுவதற்கு அந்தக் கோப்பே இல்லை. 'சிபியூ0', 'சிபியூ1' என்று இரண்டு அடைவுகள்தான் இருக்கின்றன, 'சிபியூ2' உருவாகவே இல்லை. யூடெவ் விதி ஏற்கெனவே இருக்கிறது, பழைய கர்னலில் அதுதான் வேலை செய்துகொண்டிருந்தது.

---

நடுச்சாமம்:

'சிபியூ2' அடைவே இல்லை என்று சொன்னது முக்கியமான தகவல். யூடெவ் வரைக்கும் சங்கதி வந்து சேரவே இல்லை. அப்படியானால் வழியில் எங்கே தொலைந்தது என்று ஒவ்வொரு படியாகக் கேட்க வேண்டும்.

இது நடக்கிற விதம் இப்படி. லிப்வர்ட் க்யூஎமுவிடம் 'டிவைஸ்_ஆட்' சொல்கிறது. எந்த சாக்கெட், எந்தக் கோர், எந்த த்ரெட் என்று இடம் குறித்துச் சொல்கிறது. க்யூஎமு அந்த விசிபியூவை உருவாக்கி, 'புதிதாக வந்திருக்கிறது' என்று தன் ஏசிபிஐ (வன்பொருள் விவரத்தை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏற்பாடு) பதிவேட்டில் குறித்து, கெஸ்டுக்கு ஒரு இன்டரப்ட் (கவனி என்கிற சமிக்ஞை) அனுப்புகிறது. லிப்வர்ட் உங்களிடம் சொல்கிற வெற்றி இத்தோடு முடிந்துவிடுகிறது. கெஸ்ட் அதை எடுத்துக்கொண்டதா என்பது அந்த வெற்றியில் அடக்கம் இல்லை. அதற்கப்புறம் கெஸ்டின் கர்னல் ஏசிபிஐ நிரலில் 'இ02' என்கிற நிகழ்வு முறையை ஓட்டும். அது ஒவ்வொரு சிபியூ இடத்தையும் துழாவி, புதியது எது என்று கர்னலுக்கு அறிவிக்கும். கர்னல் அதற்கு ஒரு எண் கொடுத்து அடைவை உருவாக்கும். அதன் பிறகுதான் யூடெவ்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முதலில், க்யூஎமு மானிட்டரில் 'இன்ஃபோ ஹாட்பிளக்கபிள்-சிபியூஸ்' கேட்டால் எட்டு இடமும் நிரம்பியிருக்கிறதா? அடுத்து, கெஸ்டில் சிபியூ அடைவுக்குள் 'பாசிபிள்' என்று ஒரு கோப்பு இருக்கும், அதில் என்ன இருக்கிறது? கடைசியாக, கெஸ்டின் கர்னல் லாகில் பூட் ஆகும்போது 'எஸ்எம்பிபூட்' என்று தொடங்கி எத்தனை சிபியூ, அதில் எத்தனை ஹாட்பிளக் (ஓடும்போதே பின்னால் சேர்க்கக்கூடியவை) என்று சொல்லும் வரி, அதோடு விசிபியூ சேர்த்த நொடியில் வந்த வரிகள்.

இரண்டாவதுதான் எனக்கு முதலில் வேண்டும். 'பாசிபிள்' என்பது பூட் ஆகும்போதே கர்னல் போட்டுவைக்கிற கணக்கு. இந்த மெஷினில் எத்தனை சிபியூ வரை வரலாம் என்று அப்போதே எண்ணி, அத்தனைக்கும் இடம் ஒதுக்கிவிடும். பிறகு அதைக் கூட்ட முடியாது.

---

ஊடுபாவு:

இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து எல்லாம் எடுத்தேன்.

க்யூஎமு மானிட்டரில் எட்டு இடமும் நிரம்பியிருக்கிறது.

'பாசிபிள்' கோப்பில் 0-1. பழைய கர்னலில் அதே கெஸ்டைத் துவக்கிப் பார்த்தேன், 0-7.

பூட் லாகில் பழைய கர்னல் '8 சிபியூ அனுமதி, 6 ஹாட்பிளக் சிபியூ' என்கிறது. ஆர்சி கர்னல் '2 சிபியூ அனுமதி, 0 ஹாட்பிளக் சிபியூ' என்கிறது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாளும் நான் ஹோஸ்டையே நோண்டிக்கொண்டிருந்தேன். விஷயம் கெஸ்ட் பூட் ஆன முதல் நொடியிலேயே முடிந்துபோயிருக்கிறது.

விசிபியூ சேர்த்த நொடியில் லாகில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. சாத்தியமான சிபியூ எல்லையான 2 எட்டப்பட்டுவிட்டது, ப்ராசஸர் 2 புறக்கணிக்கப்பட்டது என்று ஒன்று. லோக்கல் ஏபிக்கை (ஒவ்வொரு ப்ராசஸரின் இன்டரப்ட் கட்டுப்படுத்தியை) சிபியூ எண்ணோடு பொருத்த முடியவில்லை என்று இன்னொன்று. அதாவது க்யூஎமு அனுப்பிய சேதி கெஸ்டுக்கு ஒழுங்காகவே வந்திருக்கிறது. வாங்கி வைக்கத்தான் உள்ளே இடமில்லை.

---

நடுச்சாமம்:

அப்படியானால் க்யூஎமு மேல் பழி இல்லை. கெஸ்ட் கர்னலில் வந்த பின்னடைவு இது.

அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கெஸ்டின் கர்னல் கட்டளை வரியில் 'பாசிபிள்_சிபியூஸ்=8' என்று சேர்த்துத் துவக்குங்கள். கர்னல் தன் கணக்கை விட்டுவிட்டு நீங்கள் சொன்ன எண்ணை எடுத்துக்கொள்ளும். உங்கள் 28-ஆம் தேதி தப்பித்துவிடும். ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஆர்சியில் இருக்கும்போதே சொன்னால்தான் வெளியீட்டுக்கு முன் சரியாகும்.

எந்த மாற்றத்தால் வந்தது என்று கண்டுபிடிக்க கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் கருவி) போடுங்கள். இரண்டு கர்னல் வெளியீடுகளுக்கு நடுவே பத்தாயிரத்துக்கும் மேல் மாற்றங்கள் இருக்கும். பாதி பாதியாகப் போனால் பதினாலு படி. ஆனால் இது சிபியூ எண்ணுகிற இடம், அதனால் எக்ஸ்86 அடைவுக்கும் ஏசிபிஐ அடைவுக்கும் மட்டும் தேடலைக் கட்டுப்படுத்தலாம். படிகள் வெகுவாகக் குறையும். இன்னொன்று, ஒவ்வொரு படியிலும் கெஸ்டை முழுக்கத் துவக்கி விசிபியூ சேர்த்துப் பார்க்க வேண்டியதே இல்லை. கட்டிய கர்னலை க்யூஎமுவின் '-கர்னல்' வழியாக நேரே துவக்குங்கள், வட்டுகூட வேண்டாம். அந்த 'ஹாட்பிளக் சிபியூ' வரி முதல் நொடியிலேயே வந்துவிடும். எண் 6 என்றால் நல்லது, 0 என்றால் கெட்டது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி 'பைசெக்ட் ரன்'னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

கூடவே கெஸ்டின் எம்ஏடிடி என்கிற ஏசிபிஐ அட்டவணையை எடுத்து 'ஐஏஎஸ்எல்' கொண்டு பிரித்துப் பாருங்கள். அதில்தான் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் ஒரு பதிவு இருக்கும்.

---

ஊடுபாவு:

நீங்கள் சொன்னபடியே ஸ்கிரிப்டை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து டீ போடுவதற்கு முன்பே திரையைப் பார்த்தேன். குற்றவாளி கிடைத்துவிட்டது.

எம்ஏடிடியின் எக்ஸ்2ஏபிக் (ஏபிக்கின் புதிய வடிவம்) வகைப் பதிவுகளில் ஆன்லைன் ஆக்க முடியாத ப்ராசஸர்களைப் பதிவு செய்யாதே என்று ஒரு மாற்றம். இந்தச் சோதனையை பழைய ஏபிக், எக்ஸ்2ஏபிக் என்ற இரண்டு வகைப் பதிவுகளுக்கும் பொதுவாக்க 'ஏசிபிஐ_இஸ்_ப்ராசஸர்_யூசபிள்' என்று ஒரு சின்னச் செயற்கூறு எழுதியிருக்கிறார்கள். பத்து வரிதான் இருக்கும்.

எம்ஏடிடியையும் பிரித்துப் பார்த்தேன். எட்டு ப்ராசஸருக்கும் பதிவு இருக்கிறது. முதல் இரண்டில் கொடி (நிலையைக் குறிக்கும் எண்) 1, மற்ற ஆறிலும் கொடி 0. பழைய கர்னலில் துவக்கினாலும் அட்டவணை அச்சு அசல் இதேதான். ஆக, ஹோஸ்ட் கொடுத்ததில் எந்த மாற்றமும் இல்லை. படிப்பவர்தான் மாறியிருக்கிறார்.

---

வடக்குத்தெரு:

அப்போ அந்த மாற்றத்தை ரிவர்ட் செய்துவிட்டு (திரும்ப எடுத்துவிட்டு) கர்னலைக் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்தது வேலை.

---

நடுச்சாமம்:

உங்கள் கெஸ்டுக்கு அது போதும். ஆனால் ரிவர்ட் கேட்டு எழுத வேண்டாம் என்பேன். அந்த மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நிஜ மெஷின்களில் பயாஸ் என்ன செய்கிறது என்றால், ஒரே சாக்கெட்டில் 16 கோர் சில்லும் வரலாம் 64 கோர் சில்லும் வரலாம் என்று எம்ஏடிடியில் பதிவுகளை அள்ளிப் போட்டுவிடுகிறது. இல்லாதவற்றுக்குக் கொடி 0. லினக்ஸ் அதையெல்லாம் 'பின்னால் வரக்கூடிய சிபியூ' என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் நினைவகம் ஒதுக்கிவிடும். அவை ஒருநாளும் வரப்போவதில்லை. ஆனால் க்யூஎமு கெஸ்டிலும் கொடி 0-தான், இங்கே அவை நிஜமாகவே வரப்போகிறவை. ஒரே 0-வுக்கு இரண்டு அர்த்தம். க்யூஎமுவின் மூலநிரலில் இந்த இடத்தில் ஒரு குறிப்பே இருக்கிறது: இல்லாத சிபியூவை எம்ஏடிடியிலிருந்து விட்டுவிட விதி இடம் கொடுக்கிறது, ஆனால் விட்டால் லினக்ஸில் ஹாட்பிளக் உடைகிறது, அதனால் முடக்கிய நிலையில் வைத்திருக்கிறோம் என்று.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஏசிபிஐ 6.3-இல் இரண்டாவது கொடி வந்தது, 'ஆன்லைன் கேப்பபிள்'. அது போட்டிருந்தால் பின்னால் வரும், இல்லாவிட்டால் வராது. நல்ல ஏற்பாடு. ஆனால் 6.3-க்கு முந்தைய அட்டவணை கொடுக்கும் ஃபர்ம்வேருக்கு (பயாஸ் போன்ற அடிப்படை மென்பொருளுக்கு) அந்தக் கொடியைப் பற்றியே தெரியாது. உங்கள் க்யூஎமு கொடுப்பது அந்தப் பழைய வகை. அங்கே கொடி இல்லாததை 'வராது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அந்தச் செயற்கூறைப் பாருங்கள் (&& என்றால் 'மற்றும்', || என்றால் 'அல்லது', ! என்றால் 'இல்லை'). முதல் வரி: 'எனேபிள்ட்' கொடி இருந்தால் சரி. அடுத்த வரி: இந்த ஃபர்ம்வேர் புதிய கொடியை ஆதரிக்கிறது && அந்தக் கொடி போட்டிருக்கிறது என்றால் சரி. மற்றதெல்லாம் தள்ளு. பழைய ஃபர்ம்வேர் வந்தால் என்ன ஆகும்? முதல் பாதியிலேயே பொய்யாகி, தள்ளப்பட்டுவிடும். உங்கள் ஆறு விசிபியூவும் அங்கேதான் விழுந்தன. தள்ளப்பட்டவை 'முடக்கிய சிபியூ' எண்ணிக்கையில்கூடச் சேர்வதில்லை. அதனால்தான் ஹாட்பிளக் 0.

இருக்க வேண்டியது: ஃபர்ம்வேர் புதிய கொடியை ஆதரிக்கவில்லை || அந்தக் கொடி போட்டிருக்கிறது என்றால் சரி. முன்னால் ஒரு ! வேண்டும், நடுவில் && இருக்கும் இடத்தில் || வேண்டும். அவ்வளவுதான்.

---

ஊடுபாவு:

படித்துவிட்டு அந்த ஒரு வரியை மாற்றி, கட்டி, ஓட்டினேன். '8 சிபியூ அனுமதி, 6 ஹாட்பிளக் சிபியூ'. கட்டளை கொடுத்ததும் கெஸ்டுக்குள் சிபியூ2 முதல் சிபியூ7 வரை வரிசையாக ஏறியது. 'டாப்' திரையில் எட்டு வரியையும் பார்க்கும்போது உண்மையாகவே கண் நிறைந்துவிட்டது. நடுச்சாமம் அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பேட்ச் எழுதி அனுப்பலாம் என்று கர்னல் மின்னஞ்சல் பட்டியலைத் திறந்தால், இதே வரிக்கு இதே திருத்தத்தை வேறொருவர் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார். 6.3-க்கு முந்தைய ஏசிபிஐயில் அந்தக் கொடி கிடையாது, அங்கே சிபியூக்களைப் பயன்படுத்தத்தக்கவை என்றுதான் சொல்ல வேண்டும், சோதனை தலைகீழாக இருக்கிறது என்று நாலே வரியில் விளக்கம். எந்த மாற்றத்தால் உடைந்தது என்று 'ஃபிக்ஸஸ்' வரியும் இருக்கிறது, நான் பைசெக்டில் பிடித்த அதே மாற்றம். நான் முந்தவில்லையே என்ற வருத்தம் துளியும் இல்லை. நாம் இங்கே உட்கார்ந்து தேடிப் போய்ச் சேர்ந்த இடம் சரியான இடம் என்பதே போதும்.

---

பனங்காடை:

இழையை முழுக்கப் படித்தேன், நன்றாக இருந்தது. ஒரு சந்தேகம். திருத்தம் வந்த பிறகு, அந்தப் பழைய பிரச்சினை, அதாவது வராத சிபியூவுக்கெல்லாம் நினைவகம் ஒதுக்குவது, திரும்ப வந்துவிடாதா?

---

நடுச்சாமம்:

புதிய ஃபர்ம்வேர் உள்ள மெஷினில் வராது. அங்கே 'ஆதரிக்கவில்லை' என்பது பொய்யாகிவிடும், எனவே கொடி போட்டிருந்தால் மட்டுமே சேரும். பழைய ஃபர்ம்வேர் மெஷினில் முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், கொஞ்சம் நினைவகம் வீணாகும். சிபியூ ஏறாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஃபர்ம்வேர் புதிதா பழசா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதிலும் ஒரு திருத்தம் ஏறக்குறைய இதே சமயத்தில் வந்தது. முதலில் எம்ஏடிடியின் பதிப்பு எண்ணைப் பார்த்தார்கள். இப்போது எஃப்ஏடிடியின் பதிப்பைப் பார்க்கிறார்கள், ஏசிபிஐயின் எந்தப் பதிப்பு என்று சொல்கிற அட்டவணை அதுதான். பின்னால் க்யூஎமு எஃப்ஏடிடியை 6.3-க்கு உயர்த்தினால், அதே மாற்றத்தில் எம்ஏடிடி பதிவுகளிலும் ஆன்லைன் கேப்பபிள் கொடியைப் போட்டாக வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ஊடுபாவு பார்த்த பூஜ்யம் மறுபடி வரும். க்யூஎமு பக்கம் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் நினைவில் வையுங்கள்.

---

ஊடுபாவு:

ஏப்ரல் மாதச் செய்தி ஒன்று. திருத்தம் மூலக் கிளையில் சேர்ந்துவிட்டது. அடுத்த ஆர்சியைக் கட்டி, 'பாசிபிள்_சிபியூஸ்' வரியை எடுத்துவிட்டுத் துவக்கினேன். 0-7 வருகிறது. 2-லிருந்து 8, 8-லிருந்து 2, மறுபடி 8 என்று இருபது தடவை ஏற்றி இறக்கினேன். எல்லாமே ஒழுங்கு.

அந்த பைசெக்ட் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு புதுக் கர்னல் கட்டி முடித்ததும் அது ஒருமுறை ஓடும். வட்டில்லாத கெஸ்ட், 2 விசிபியூ, அதிகபட்சம் 8. ஹாட்பிளக் எண் 6 இல்லையென்றால் அந்தக் கர்னல் அடுத்த கட்டத்துக்குப் போகாது. மொத்தமே நாலு விநாடி. ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் கேளுங்கள், இங்கேயே போடுகிறேன்.

---

வடக்குத்தெரு:

போடுங்கள். இரண்டு தடவையும் யூடெவ் என்று நான் முடிவு கட்டியது நிஜமாகவே யூடெவ்தானா என்று இப்போது பார்க்க வேண்டும். அந்த கெஸ்ட்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 'பாசிபிள்' கோப்பை நான் அன்றைக்குத் திறந்துகூடப் பார்க்கவில்லை.